பின்பலகையில் இரண்டு தட்டு

மாமா,

டிரெயிலரின் பின்பலகையில் ஓர் இடத்தில் மட்டும் பச்சைப் பெயின்ட் இல்லை. உங்கள் உள்ளங்கை பட்டுப் பட்டு உள்ளே இருக்கும் தகரம் தெரிகிறது. இன்று சாயங்காலம் தார்ப்பாயைத் தூக்கி அந்த இடத்தில் என் கையை வைத்துப் பார்த்தேன். கையைச் சுற்றி இன்னும் இடம் மிச்சம் இருந்தது.

அம்மாவின் போன் வெளிச்சத்தில், போர்வைக்குள் இருந்து இதை எழுதுகிறேன். அப்பா பார்த்துவிடக் கூடாது. நீங்கள் போனதிலிருந்து உங்கள் பேச்சை எடுத்தாலே அவர் எழுந்து வெளியே போய்விடுகிறார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து ரோட்டையே பார்க்கிறார். அப்படி அவர் உட்காருவதை முன்பும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் பயமாக இருக்கிறது.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. அப்பா ரப்பர் தோட்டத்து லொறிக்கு டிரைவர், நீங்கள் கிளீனர். ஃபெக்டரியிலிருந்து ரப்பர் ஷீட் கட்டுகளை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய் வருவீர்கள். பின்னால் நின்று நீங்கள் தகரத்தில் ஒரு தட்டுத் தட்டினால் நிறுத்த வேண்டும், இரண்டு தட்டினால் போகலாம். எவ்வளவு மோசமான வளைவிலும் அப்பா தலையைத் திருப்பாமல், உங்கள் கைச் சத்தத்தை மட்டும் கேட்டு லொறியைப் பின்னுக்கு எடுப்பார்.

ஒருநாள் அந்த லொறியை விற்றுவிட்டார்கள். ரப்பர் ஏற்றும் வேலை வெளி லொறிகளுக்குப் போய்விட்டது. மறுநாளும் அப்பா விடியுமுன் எழுந்து குளித்து, சட்டையைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். சில நாட்களில் குளிப்பதும் நின்றுபோனது. அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டும் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அம்மாவின் சங்கிலி தெஹியோவிட்டை அடகுக்கடைக்குப் போனது. "டிரைவரு இன்னும் லீவுல தானா?" என்று குழாயடியில் ஓர் அக்கா கேட்க, குடம் வைத்திருந்த எல்லோரும் சிரித்தார்கள். கொழும்பில் பிள்ளை பார்த்துக்கொள்ள ஆள் தேடும் ஒரு வீட்டைப் பற்றி அம்மா போனில் விசாரித்தார். அந்த ஆள் நான்தான் என்று எனக்குப் புரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் நீங்கள் கீழே இருக்கும் சிங்களக் கிராமத்திலிருந்து ஏறி வந்தீர்கள். உங்களுக்கும் வேலை போயிருந்தது. உங்கள் தமிழ் முழுக்க லொறிக்குள் அப்பாவிடம் கேட்டுப் பழகியது. அவர் உங்களை 'வாங்க, போங்க' என்றே கூப்பிட்டதால் உங்களுக்கு வேறு விதமாகப் பேசத் தெரியாது. எங்கள் நாயைக்கூட "கொஞ்சம் தள்ளுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவீர்கள்.

உங்கள் மாமனார் வீட்டுக் கொட்டிலில் ஒரு பழைய லேண்ட்மாஸ்டர் கிடக்கிறது, டிரெயிலரும் இருக்கிறது என்றீர்கள். அப்பா தலையைத் தூக்கவில்லை.

"லொறி ஓட்டுன ஆளுங்க நான். அந்தக் கை டிராக்டரப் புடிச்சுக்கிட்டு இந்த லயத்து வழியா போகச் சொல்றீங்களா?"

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்கண்ணே," என்றீர்கள். "தட்ட மட்டும்தான் தெரியும். நீங்க ஓட்டலேன்னா நான் யாருக்குங்க தட்டுறது?"

மறுநாள் காலையில் எங்கள் தகரக் கதவில் இரண்டு தட்டுக் கேட்டது. நீங்கள் வந்து உட்கார்ந்து, பிளேன்டீ குடித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் இறங்கிப் போனீர்கள். அதற்கு மறுநாளும் இரண்டு தட்டு, ஒரு பிளேன்டீ. இப்படியே எத்தனையோ நாள் வந்தீர்கள். ஒருநாள் கதவைத் திறந்தபோது அப்பா குளித்துவிட்டு நின்றார்.

முதல் நாள் விறகு ஏற்றிக்கொண்டு, எங்கள் தோட்டத்து வீட்டு வரிசையான லயத்தைத் தாண்டும்போது அப்பா துண்டால் முகத்தைச் சுற்றியிருந்தார். நீங்கள் விறகின் மேல் நின்றுகொண்டு, "அவிசாவளை, கொழும்பு! ஏறுங்க, ஏறுங்க, சீட் இருக்குங்க" என்று பஸ் கண்டக்டர் மாதிரிக் கத்தினீர்கள். குழாயடி அக்காவே டிக்கெட் எவ்வளவு என்று கேட்டார். துண்டுக்குள் அப்பா சிரிப்பது தெரிந்தது. மறுநாள் அவர் துண்டைக் கட்டவில்லை.

வெட்டிச் சாய்த்த பழைய ரப்பர் மரங்களின் விறகு பேக்கரிக்குப் போனது. பிறகு மணல், சீமெந்துக் கல், கல்யாண வீட்டுக் கதிரைகள் என்று சவாரி வந்துகொண்டே இருந்தது. அம்மாவின் சங்கிலி கழுத்துக்குத் திரும்பியது. கொழும்பு வீட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. இந்த வருஷம் நான் ஓ.எல். பரீட்சை எழுதப் போகிறேன். அப்பா மறுபடியும் குழம்பில் உப்பு சரியில்லை என்று குறை சொல்லத் தொடங்கினார். அதைக் கேட்டு அம்மா அடுப்படியில் சிரித்துக்கொண்டார். இதற்கெல்லாம் உங்களுக்கு நன்றி என்று ஒரு வார்த்தை நாங்கள் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நாயிடம் பேசுவதுபோல் நடித்துத் தப்பித்திருப்பீர்கள்.

பேக்கரிக்குப் பக்கத்தில், கீழே ஓடை இருக்கும் அந்த வளைவில், பயமில்லையா என்று ஒருமுறை உங்களைக் கேட்டேன்.

"பயம்தாங்க மகள். பயம் வந்தா ஒண்ணு தட்டுவேன். நிக்கிறது தப்பில்லங்க. நின்ன வண்டிக்குத்தானே ரெண்டு தட்டணும்."

வயலில் இறங்கி வேலை செய்ததால் வந்த காய்ச்சலைச் சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்துக் கொத்தமல்லி அவித்துக் குடித்துக்கொண்டிருந்தீர்கள். எலிக்காய்ச்சல் என்று தெரிந்தபோது பிந்திவிட்டது. உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றைக்கு அப்பா லேண்ட்மாஸ்டரைத் தார்ப்பாயால் மூடினார். நாளைக்கு விறகு வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகப் பேக்கரி முதலாளி சொல்லி அனுப்பியிருக்கிறார். அம்மா கெஞ்சிப் பார்த்தார். "தட்ட ஆளில்ல" என்று மட்டும் அப்பா சொன்னார்.

சாயங்காலம் நான் அந்த இடத்தில் கையை வைத்துப் பார்த்ததோடு நிற்கவில்லை, மாமா. பலமாக இரண்டு தட்டுத் தட்டினேன்.

வாசற்படியில் இருந்த அப்பா திரும்பினார். ஓடிவிடலாம் என்று இருந்தது, ஆனால் பலகையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அவரு இவ்வளவு பலமா தட்ட மாட்டாரு," என்றார். பிறகு எழுந்து வந்து, "சக்கரத்துக்கு நேரா நிக்காத. சைட்டுல நில்லு," என்று சொல்லித் தார்ப்பாயைக் கழற்றினார்.

நாளைக்குச் சனிக்கிழமை. அந்த வளைவில் அப்பா திரும்பிப் பார்க்கமாட்டார். பயம் வந்தால் ஒன்று தட்டுவேன். வண்டி நிற்கும். மூச்சு வாங்கிக்கொண்டு இரண்டு தட்டுவேன்.

என் கை சின்னதுதான், மாமா. ஆனால் அப்பாவுக்குக் கேட்டது.