வசந்தாவுக்கு ஒரு பீன்ஸ் சாலட்

மே 5, திங்கள்
காலை ஒன்பதுக்கே வெயில் சுள்ளென்று. அடுப்பருகே நிற்க முடியவில்லை. நேற்றும் ஓட்டல் பரோட்டாதான்.

வசந்தா பெங்களூரு போய் எட்டு மாதம். மகன் வீட்டில் பேத்தியைப் பார்த்துக்கொள்ள. சனிக்கிழமை வருகிறாள். ஞாயிறு எட்டயபுரத்தில் அவள் தங்கை மகள் கல்யாணம். திங்கள் திரும்ப ரயில். இந்தத் தடவை, "போகாதே, இங்கேயே இரு" என்று சொல்லிவிட வேண்டும். போனில் சொல்ல வாய் வரவில்லை.

யூடியூபில் ஓர் அம்மாள் பிரெஞ்சு முறை பீன்ஸ் சாலட் செய்தாள். வெயில் காலத்தில் அங்கே அதுதான் சாப்பாடாம். செய்து கொடுத்து அசத்துவோம். சாப்பிடும்போதே கேட்டுவிடலாம்.

வாங்க: பீன்ஸ் ½ கி., தக்காளி, எலுமிச்சை, முட்டை 4. ஆலிவ் எண்ணெய்க்கு மனது வரவில்லை. நல்லெண்ணெய் போதும். பி.பி. மாத்திரை.

மே 7, புதன்
பிஞ்சாகப் பொறுக்கினேன். காய்கறிக் கடை அம்மா: "என்ன அண்ணாச்சி, ஒவ்வொண்ணா ஒடிச்சுப் பாக்கிய? பொண்ணா பாக்கிய?" சிரித்தேன். இன்று நான் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

உப்புத் தண்ணீரில் ஐந்து நிமிடம் வேகவைக்கச் சொன்னாள் யூடியூப் அம்மாள். நம் குழாயில் உப்புக்கா பஞ்சம்? போர் தண்ணீரையே வைத்தேன். இருபது நிமிடம். வேகவேயில்லை, நார் நாராக. பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் சண்முகத்தாய்க்கு ஒரே சிரிப்பு. "போர் தண்ணியிலயா வச்சிய? அதுல பருப்பே வேகாதே! அக்கா எப்பவும் குடிதண்ணியிலதான பொங்குவாவ."

முப்பத்தோரு வருடம் வசந்தா கையால் சாப்பிட்டிருக்கிறேன். எந்தத் தண்ணீர் என்று கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

மே 9, வெள்ளி
குடிதண்ணீர், தனியாக உப்பு. ஆறே நிமிடம். உடனே ஐஸ் தண்ணீரில். அடடா, என்ன பச்சை! சின்ன வெங்காயம், எலுமிச்சைச் சாறு, அரைத்த கடுகு, அவித்த முட்டை. யாரிடமாவது காட்டவேண்டும் போலிருந்தது. ஆளில்லை. நின்றுகொண்டே தின்றேன். தனியாக உட்கார்ந்து சாப்பிடப் பிடிப்பதில்லை.

சாயங்காலம் வசந்தா போன். பேத்திக்குச் சளியாம். இரண்டு நிமிடத்தில் வைத்துவிட்டாள்.

மே 10, சனி
மேகம். மழை இல்லை. தலையணை உறை மாற்றினேன். மாத்திரை மறந்தாயிற்று. வசந்தா வந்தாள். இளைத்திருக்கிறாள். ரயில் அலுப்பு, மத்தியானம் முழுக்கத் தூக்கம். பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மே 11, ஞாயிறு
கல்யாணச் சாப்பாடு நெஞ்சைக் கரிக்கிறது, லேசாக எதுவும் போதும் என்றாள். ஆறு மணிக்குத் தட்டை நீட்டினேன்.

"நீங்களா செஞ்சிய?"

இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சொல்லிவிடலாம் என்று தொண்டையைச் செருமினேன். அதற்குள் மகனுக்குப் போன் போட்டுவிட்டாள்.

"ஏலே, அப்பா நல்லாப் பொங்கித் திங்காவ. தனியா கெடந்து என்ன பாடு படுதாவளோன்னுதான் எனக்கு உறக்கமில்ல. இனிக் கவலை இல்லலே. பாப்பா பள்ளிக்கூடம் போற வரைக்கும் நான் அங்கனயே இருக்கேன்."

என் பக்கம் திரும்பினாள். "இருந்துக்கிடுவிய, இல்ல?"

இருந்துகொள்வேன் என்றேன்.

பாப்பாவுக்கு இன்னும் ஒரு வயது முடியவில்லை.