பத்து நிமிடம் பொறுத்திருக்கலாம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம். நீயும் மருமகளும் குட்டியும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று எப்போதும் போல எழுத முடியவில்லை, ஏனென்றால் நீ சுகமாக இல்லை என்று எனக்குத் தெரியும். மருமகள் செவ்வாய்க்கிழமை மத்தியானம் கூப்பிட்டாள். நான் அப்போது வேலையில், இஸ்திரி போடுகிற உருளைக்குள் போர்வையைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, சொல்ல வேண்டாம் என்றுதான் நீ சொல்லியிருக்கிறாய், அவளும் ஒரு வாரம் வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். உன் கன்னம் கண்ணை மூடும் அளவுக்கு வீங்கியதும், மூன்று நாள் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றியதும், வேரில் சீழ் வைத்திருக்கிறது, வீக்கம் வடிந்ததும் பல்லை எடுத்தே ஆக வேண்டும் என்று சொன்னதும், நீ கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டதும் எல்லாம் சொன்னாள். "மாத்திரையிலேயே சரியாயிடும்னு சொல்றாரு அத்தே, அந்த நாற்காலில உட்காருறதுக்குச் செத்தே போயிடலாம்னு சொல்றாரு" என்று சொல்லி அழுதாள். இன்னொன்றும் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் பல் பார்க்க வந்தபோது குட்டி வாயைத் திறக்கவே மாட்டேன் என்று உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாளாம். ஏன் என்று கேட்டதற்கு, "அப்பா மட்டும் போக மாட்டேங்கிறாரே" என்றாளாம்.

இங்கே மற்றதெல்லாம் வழக்கம்போலத்தான். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் புது இயந்திரம் வந்திருக்கிறது, முன்னைப் போல வெந்நீரில் கைவிட வேண்டியதில்லை. குளியலறைக் குழாய் ஒழுகியதை ஒருவழியாகச் சரிசெய்தாயிற்று. மாடிப் படியில் ஏறும்போது முழங்கால் வலிக்கிறது, வயசுக்குத் தகுந்த வலிதான், கவலைப்படாதே. இதையெல்லாம் எழுதுவது உண்மையில் எழுத வேண்டியதைத் தள்ளிப்போடத்தான் என்று எனக்கே தெரிகிறது. இருபத்தாறு வருஷமாகத் தள்ளிப்போட்டது, இன்னும் நாலு வரி தள்ளிப்போட்டேன், அவ்வளவுதான்.

உனக்கு எட்டு வயசு. வலது பக்கம் கீழ்க் கடைவாய்ப்பல். காலையில் எழுந்தபோது கன்னம் பந்து மாதிரி இருந்தது. நான் சலவைக்கூடத்தில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் இரண்டு தடவை தாமதம், மூன்றாவது தடவை வாசலோடு போய்விடு என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். உன் அப்பா அந்த வாரம் வெளியூரில் லிப்டு மாட்டப் போயிருந்தார். பதினொரு மணிக்குள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு உன்னைக் கூட்டிப்போனேன். சைக்கிள் கடைக்கு மேலே மாடியில் இருந்ததே, அந்த டாக்டர்தான். ஊசி போட்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கம்பியால் தட்டிப் பார்த்தார். நீ வலிக்கிறது என்றாய். அதுவரைக்கும் உனக்கு ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு நடந்ததை நீ எல்லோரிடமும் சொல்வாய், அந்த டாக்டர் ஒரு ராட்சசன், வலிக்குதுன்னு சொன்னேன், கேட்கவே இல்லை என்று. உன் அப்பாவிடம் அப்படித்தான் சொன்னாய், பிறகு கூட்டாளிகளிடம், கல்யாணத்துக்கு அப்புறம் மருமகளிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாய்.

அவர் கேட்டார், தம்பி. நீ சொன்னதை அவர் கேட்டார். கம்பியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "இன்னும் சரியா மரத்துப்போகலம்மா. ஒரு பத்து நிமிஷம் வெளிய உட்காருங்க, இல்லன்னா இன்னொரு ஊசி போட்டுப் பார்த்துட்டு எடுப்போம்" என்றார். நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து இருபது. "இவன் ஊசியைக் கண்ணால பார்த்தாலே ஊரைக் கூட்டுற பையன் டாக்டர், வலிச்சாலும் இதே கத்தல்தான், வலிக்கலைன்னாலும் இதே கத்தல்தான். நான் பிடிச்சுக்கிறேன், நீங்க எடுத்துடுங்க" என்று சொன்னது நான். அவர் யோசித்தார். நான் உன் இரண்டு கையையும் சேர்த்து உன் நெஞ்சோடு வைத்து அழுத்திக்கொண்டேன். பிறகு பல் உடைந்து வேர் உள்ளேயே நின்றுகொண்டது, அதைத் தோண்டி எடுக்க எவ்வளவு நேரம் ஆனதோ, நீ நிக்கரை நனைத்துவிட்டாய். அந்த நேரம் முழுக்க நீ டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாய். "அம்மா விடு, அம்மா விடு" என்றாய். நான் விடவில்லை. உன்னைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் படுக்கவைத்துவிட்டு ஓடினேன். பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வாசலுக்குள் நுழைந்துவிட்டேன். அன்றைக்கு நான் தாமதமே இல்லை.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. உன் அப்பா ஊரிலிருந்து வந்ததும் உன் வாயைப் பார்த்துவிட்டு நேராக அந்த மாடிக்குப் போனார், நானும் பின்னாலேயே போய்ப் படியில் நின்றேன். காத்திருந்த ஆட்களுக்கு முன்னால் கன்னாபின்னாவென்று பேசினார், புள்ளையக் கொல்லப் பார்த்தியா என்றார். அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், உங்க வீட்டம்மாதான் அவசரப்படுத்தினாங்க என்று. சொல்லவில்லை. "பொறுத்திருக்கணுங்க. என் தப்புதான்" என்றார். நான் வாயில் கொழுக்கட்டை வைத்தவள் மாதிரி நின்றேன். வருஷம் திரும்புவதற்குள் அந்த டாக்டர் பலகை இறங்கிவிட்டது, சைக்கிள் கடைக்காரர் மாடியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். டாக்டர் எங்கே போனார், எங்களால்தான் போனாரா என்று எனக்குத் தெரியாது. உன் அப்பா கண் மூடுகிறவரை அவர்தான் குற்றவாளி என்று நம்பிக்கொண்டுதான் போனார். நான் கடைசி வரைக்கும் உன் அப்பாவிடம் சொல்லவில்லை.

நீயும் ஒரு தடவைகூட என் பெயரை எடுத்ததில்லை. அந்த டாக்டர்தான் பிடித்து வைத்தார் என்றே சொல்வாய். மறந்துவிட்டாயா, மறைத்துவிட்டாயா என்று எத்தனையோ தடவை உன் முகத்தைப் பார்த்து யோசித்திருக்கிறேன். கேட்கத் தைரியம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் பல் பார்க்கிற நாளில் நீ கழிப்பறையில் ஒளிந்துகொண்டாய் என்று வாத்தியார் சொல்லி அனுப்பியபோதும், கல்யாணப் படம் எல்லாவற்றிலும் நீ வாயை மூடிக்கொண்டே சிரித்தபோதும், சூடு கண்ட பூனை என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள், நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். சூடு போட்டவளே சிரித்தேன்.

உனக்குத் தெரியாதது இன்னொன்று. அன்றைக்குப் பிறகு நானும் பல் டாக்டரிடம் போனதில்லை. உனக்கு இல்லாத நாற்காலி எனக்கு எதற்கு என்று முதலில் நினைத்தேன், பிறகு அதுவே பயமாகிவிட்டது. போர்டைப் பார்த்தாலே தெருவின் எதிர்ப்பக்கம் நடப்பேன். இரண்டு வருஷமாக ரொட்டியைப் பாலில் ஊறவைத்துத்தான் தின்கிறேன், போனில் கேட்டால் நன்றாகச் சாப்பிட்டேன் என்பேன். போன மாதம் வேலை நேரத்தில் வலி தாங்காமல் துணி மடிக்கிற மேசையில் தலையை வைத்துவிட்டேன். கூட வேலை பார்க்கிற நெட்டச்சி, உனக்குத் தெரியுமே, வாசல் நிலையில் தலையை இடித்துக்கொள்வாளே அவள்தான், "உன் வாய்க்குள்ள கை விட அந்தப் பல் டாக்டரம்மாதான் பயப்படணும், நீ எதுக்குப் பயப்படுற, வா" என்று இழுத்துக்கொண்டு போனாள். முதல் நாள் கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். இரண்டாவது நாள் பெஞ்சில் உட்கார்ந்தேன், உள்ளேயிருந்து கிராம்புத் தைல வாசனை வந்தது, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே வந்துவிட்டேன். நெட்டச்சி திட்டவில்லை, "இன்னைக்குப் பெஞ்சு வரைக்கும் வந்தாச்சு, போதும்" என்றாள். மூன்றாவது நாள் உள்ளே போனேன்.

அந்த டாக்டரம்மாவுக்கு உன் வயசுதான் இருக்கும். நான் நாற்காலியில் உட்காராமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, "இதுக்கு முன்னாடி உங்களுக்கு ஏதாவது மோசமா நடந்திருக்காம்மா?" என்று கேட்டார். "எனக்கில்ல, என் பையனுக்கு. நான்தான் பண்ணேன்" என்றேன். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அது வெளியே வந்தது, அதுவும் யாரோ முன்பின் தெரியாத பெண்ணிடம். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முழுவதும் கேட்டார். அன்றைக்கு என் வாயைத் தொடவே இல்லை. அடுத்த தடவை ஊசி போட்டுவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தார். தட்டிப் பார்த்து, மறுபடியும் தட்டிப் பார்த்து, "வலிச்சா இடது கையைத் தூக்குங்க, நான் அந்த நிமிஷமே நிறுத்திடுவேன்" என்று சொன்னார். நான் நாலு தடவை தூக்கினேன். நாலு தடவையும் நிறுத்தினார். இரண்டாவது தடவை எனக்கு வலிக்கவே இல்லை தம்பி, நிஜமாகவே நிறுத்துவாரா என்று பார்க்கத்தான் தூக்கினேன். நிறுத்தினார். அப்போது எனக்கு அழுகை வந்துவிட்டது, வலி என்று நினைத்து அவர் பதறிவிட்டார். உனக்கு அன்றைக்குத் தூக்குவதற்குக் கை எங்கே இருந்தது. இரண்டும் என்னிடம்தானே இருந்தன.

இரண்டு பல்லை எடுத்தாயிற்று, ஒன்றைக் காப்பாற்றிவிட்டார். இன்னும் மூன்று தடவை போக வேண்டும். பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், ஒவ்வொரு தடவையும் முதல் படியில் நின்றுவிடுகிறேன், ஆனாலும் ஏறிவிடுகிறேன். நீ போனால் உட்காருவதற்கு முன்னாலேயே நடந்ததைச் சொல்லிவிடு, என்னைப் பற்றியும் சொல். கை தூக்கினால் நிறுத்துவீர்களா என்று கேள், சரி என்று சொல்லாத டாக்டராக இருந்தால் எழுந்து வந்துவிடு, வேறு ஒருவரைப் பார். மரத்துப்போயிற்றா என்று தட்டிப் பார்க்கச் சொல். மருமகள் பக்கத்தில் இருக்கட்டும், ஆனால் உன்னைத் தொட வேண்டாம் என்று சொல்லிவை.

மன்னித்துவிடு என்று ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன், மேலே அந்தக் கறுப்புக் கோடு அதுதான். அதைக் கேட்டால் அதற்கும் நீதான் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும், உன்னிடம் இப்போது அதற்குத் தெம்பு இருக்காது. இதைப் படித்ததும் உனக்கு என் மேல் கோபம் வரும், வரட்டும். இத்தனை வருஷம் தப்பான ஆள் மேல் இருந்த கோபம். வாழ்நாளில் உன்னை இனி எதற்கும் அவசரப்படுத்தக் கூடாது என்று இருந்தேன். ஆனால் சீழ் வைத்த பல் காத்திருக்காது என்று டாக்டரம்மா சொல்கிறார், மறுபடியும் உன்னை அவசரப்படுத்துகிறவளாக நானே ஆகிவிட்டேன்.

நீயும் மருமகளும் குட்டியும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நல்லபடியாக இருக்க வேண்டும். மாத்திரையை வீக்கம் வடிந்ததும் பாதியில் நிறுத்திவிடாதே, கொடுத்த நாள் முழுவதும் சாப்பிடு. என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்றால் பேச வேண்டாம், போய்விட்டு வந்தாய் என்று மருமகளை ஒரு வார்த்தை சொல்லச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
உன் அம்மா