சுவருக்கு வெளியே இருந்த நாற்காலி

அனுப்புநர்
இளநிலை அளவையாளர்,
புவிக்காந்த நோக்கு நிலையம்.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
புவிக்காந்த அளவைத் துறை,
தலைமை அலுவலகம்.

வழி: நிலையப் பொறுப்பாளர் அவர்கள்.

பொருள்: எனது புதன்கிழமை அளவீடுகளை ஆண்டுத் தொகுதியிலிருந்து நீக்கிய ஆணையைத் திரும்பப் பெறவும், என் பணிப்பதிவேட்டில் உள்ள "கவனக்குறைவு" என்ற குறிப்பை அகற்றவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்நிலையத்தில் ஒரு குடிலில் கருவி பூமியின் காந்தப்புலத்தை இரவு பகலாகத் தானே பதிவு செய்கிறது. தள்ளியுள்ள மற்றொரு குடிலில், கல்தூண்மேல் தியோடலைட் என்னும் கோணமானியை வைத்து வாரம் இருமுறை நாங்கள் கையால் அளக்கிறோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய மாறாமல் இருந்தால்தான் பதிவுகளை நம்பலாம். தாங்கள் அறிந்ததே, இக்கோப்பு பிற பிரிவுகளுக்கும் செல்லும் என்பதால் எழுதுகிறேன்.

2. சனிக்கிழமைகளில் அளப்பவர் என் சக அளவையாளர். புதன்கிழமைகளில் நான். சென்ற ஆண்டு நான் பணியில் சேர்ந்தது முதல், அவருடைய வித்தியாசம் வரைபடத்தில் நேர்கோட்டில் செல்ல, என்னுடையது மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு விலகி நின்றது. இரும்பு காந்த அளவைக் கெடுக்கும் என்பதால், கையளவைக் குடிலுக்குள் குண்டூசியும் போகக்கூடாது என்பது விதி. ஆகவே நான் எதையோ அணிந்து செல்கிறேன் என்று முடிவு செய்யப்பட்டது. "பொம்பளைங்கன்னா ஒரு ஊக்காவது இருக்கும்மா, நல்லா யோசிச்சுப் பாரு" என்று பொறுப்பாளர் அவர்கள் அன்பாகவே சொன்னார்.

3. யோசித்தேன். கொண்டை ஊசிகளை விட்டு முடியைக் கத்தரித்தேன். மூக்குக்கண்ணாடிக்கு ஆணி இல்லாத பிளாஸ்டிக் சட்டம் தேடினேன். வெறுங்காலுடன் உள்ளே சென்றேன். என் தாயார் என் உடைகளின் கொக்கிகளை எல்லாம் பிய்த்துவிட்டு நாடா வைத்துத் தைத்தார். "உன்னை வேலைக்கு அனுப்பினேனா, சாமியாராப் போகச் சொன்னேனா?" என்று கேட்டபடியே தைத்தார். உடலுக்குள் உலோகம் இல்லை என்று மருத்துவச் சான்றும் கேட்கப்பட்டது; எக்ஸ்ரே படத்துடன் அளித்தேன். விலகல் அசையவில்லை. அதன்பின் தலைமை அலுவலக ஆணை வந்தது. புதன்கிழமை அளவீடுகள் அடித்து நீக்கப்பட்டன, "நோக்கியவர்" என்ற இடத்தில் என் பெயருக்குப் பதில் வெறும் கோடு போடப்பட்டது.

4. ஆணை வந்த பிறகும், பயிற்சி என்ற பெயரில் அளக்க எனக்கு அனுமதி இருந்தது. ஒரு புதன்கிழமை என் மதிப்பு சக அளவையாளரின் கோட்டில் அப்படியே சென்று அமர்ந்தது. "பாத்தியா, கவனமா இருந்தா வருதில்ல!" என்று பாராட்டினார்கள். நான் எதையும் மாற்றியிருக்கவில்லை. அடுத்த வாரம் பழைய விலகல் திரும்பி வந்தது. முந்தைய வாரம் பல்வலி விடுப்பில் இருந்த நிலையக் காவலாளியும் அன்றுதான் திரும்பி வந்தார்.

5. ஐயா, தனியாக வேலை செய்யும் பெண்ணின் பாதுகாப்புக்காக, நான் சேர்ந்த நாளில் நிலையம் ஓர் ஏற்பாடு செய்தது. புதன்கிழமைகளில் மட்டும் அந்தக் காவலாளி குடிலுக்கு வெளியே அமர்வார். அவருக்கென்று ஒரு மடக்கு நாற்காலியும் வழங்கப்பட்டது. அது இரும்பு நாற்காலி. வெயிலுக்கு ஒதுங்கி, நிழல் விழும் சுவரோரம் அதைப் போட்டுக்கொள்வார். சுவரின் மறுபுறம், கை நீட்டினால் எட்டும் தூரத்தில், என் கல்தூண் நிற்கிறது.

6. காந்தப்புலம் அமைதியாக இருந்த ஒரு காலையில், பொறுப்பாளர் அவர்களின் எழுத்து அனுமதியுடன், நாற்காலியைச் சுவரோரம் வைத்தும் தொலைவிலுள்ள மரத்தடிக்கு அகற்றியும் மாறி மாறி அளந்தேன். சக அளவையாளரும் தனியாக அளந்தார். "நான் உள்ளயே வரலியேம்மா, இந்த நாற்காலி மேல உனக்கென்ன கோபம்?" என்று கேட்டுக்கொண்டே காவலாளி அதைத் தூக்கிக்கொண்டு நடந்தார். நாற்காலி வந்தால் விலகல் வந்தது, போனால் போயிற்று. ஓராண்டாக என் பெயரில் எழுதப்பட்ட அதே அளவு. பொறுப்பாளர் அவர்கள் எங்கள் இருவரின் தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். பின்னர், "அடப்பாவமே, நான் வாங்கிக் குடுத்த நாற்காலிம்மா அது!" என்று சொல்லிச் சிரித்துவிட்டார். நாங்களும் சிரித்தோம். அன்று அந்த வளாகத்தில் என்னைவிட மகிழ்ச்சியானவர் யாரும் இருந்திருக்க முடியாது என்பதைப் பணிவுடன் பதிவு செய்கிறேன்.

7. "சரி விடும்மா, அடுத்த வருஷம் சுத்தமா எடுத்துக்கலாம்" என்று சிலர் ஆறுதல் கூறுகின்றனர். ஏற்க இயலவில்லை. பூமியின் காந்தப்புலம் நாளுக்கு நாள் மாறுகிறது. சென்ற ஆண்டுப் புதன்கிழமைகளை எந்தக் கருவியாலும் இனி அளக்க முடியாது. அவை என் கையெழுத்தில் மட்டுமே இருக்கின்றன. அவற்றை மீட்கவும் முடியும். காவலாளி ஒழுங்கான மனிதர். நாற்காலியின் கால்கள் சுவரோரத் தரையில் பதித்த நான்கு குழிகள், அது ஒருநாளும் இடம் மாறவில்லை என்பதற்குச் சான்று. நாற்காலியின் அளவைக் கழித்தால் என் புதன்கிழமைகள் யாவும் சனிக்கிழமைகளோடு ஒன்றாக நிற்கின்றன. வரைபடம் இணைத்துள்ளேன். குழிகளை மூட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டுள்ளேன்.

8. எனவே, ஆண்டுத் தொகுதி இம்மாத இறுதியில் அச்சுக்குச் செல்லும் முன், என் அளவீடுகளைத் திருத்தத்துடன் சேர்க்கவும், வெறும் கோடு உள்ள இடங்களில் என் பெயரை எழுதவும், பணிப்பதிவேட்டுக் குறிப்பை நீக்கவும் ஆணையிட வேண்டுகிறேன். அடிக்குறிப்பில் "சுவருக்கு வெளியே இருந்த இரும்பு நாற்காலியின் விளைவு கழிக்கப்பட்டது" என்றிருந்தால் போதும். யாருடைய பெயரும் வேண்டாம். காவலாளிமீது நடவடிக்கை ஏதும் கூடாது. அவருக்கு ஆணியில்லாத மரப்பலகை ஒன்று வழங்கலாம். அதுவரை மரத்தடியில் துண்டு விரித்து அமர்கிறார்.

9. இம்மனுவைப் பரிந்துரையுடன் அனுப்பப் பொறுப்பாளர் அவர்கள் இசைந்துள்ளார். நேற்றும் புதன்கிழமை. நான் உள்ளே இருந்தேன், ஐயா. கோடு நேராக இருந்தது.

இணைப்பு: சோதனை அளவீடுகள், வரைபடம், குழிகளின் புகைப்படம். (எக்ஸ்ரே படம் ஏற்கெனவே தங்கள் அலுவலகத்தில் உள்ளது, திருப்பித் தர வேண்டுகிறேன்.)

இடம்: நிலைய வளாகம்
நாள்: மார்ச் 14, வியாழன்

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
புதன்கிழமை அளவையாளர்