கேரவனில் நீங்கள் சுகமாயிருந்த வருடம்

இஞ்சாருங்கோ,

இன்றைக்கு உங்கள் மகள் பள்ளிக்கூடச் சுற்றுலா முடிந்து வந்தாள். ஒரு கிழமை கூடாரத்தில் படுத்திருக்கிறார்கள். வந்ததும் வராததுமாகப் பையை நடையில் போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். அவளுடைய ஒழுங்கு உங்களுக்குத் தெரியாததா. தோய்க்கலாமென்று அவள் படுத்த பையை இழுத்து உதறினேன். ஈரத்துணி, நசிந்த புல், கொஞ்சம் காஸ் மணம். அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். அது நாங்கள் ஒருகாலம் குடியிருந்த கேரவனின் மணம். இத்தனை வருடமாக எங்கே போயிருந்ததோ, ஒரு பைக்குள் சுருண்டுகொண்டு வீடு தேடி வந்திருக்கிறது.

இப்போது நாங்கள் இருப்பது நிலத்தோடு உள்ள வீடு. வாசலில் ஒரு படிகூடக் கிடையாது. நகரசபை இதைத் தந்தது நீங்கள் போனதற்கு அடுத்த வசந்தத்தில். திறப்பை வாங்கிக்கொண்டு வந்த அன்று கதவைத் திறக்காமல் வெளியே நின்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். யாரை என்று கேட்காதீர்கள். அகப்பட்டவர்களை எல்லாம் திட்டினேன். உங்களையும்தான்.

தொண்ணூற்று மூன்றில் உங்கள் இருதயம் பலவீனமாகிவிட்டது என்று டொக்டர் சொன்னபோது நாங்கள் வுப்பர்டாலில் நான்காம் மாடியில் இருந்தோம். தெருவே ஏற்றம், அதற்கு மேல் படிகள். ஒவ்வொரு மாடியிலும் நின்று, அந்தந்த வீட்டுக் கதவில் ஒட்டியிருக்கும் பெயரை வாசிக்கிற மாதிரிப் பாசாங்கு செய்வீர்கள். “இஞ்சை புதுசா ஆரோ வந்திருக்கினம்” என்பீர்கள். அந்தப் பெயருக்குரிய கிழவி நாங்கள் ஜெர்மனிக்கு வர முதலே அந்த வீட்டில் இருந்தவ. எனக்கு அது தெரியும், உங்களுக்கும் தெரியும். நானும் பையைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பெயரை வாசிப்பேன்.

படி ஏறக்கூடாது என்று டொக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். நிலத்தோடு உள்ள வீடு தேடி நாங்கள் ஏறாத வாசல் இல்லை. தொலைபேசியில் “வாருங்கள்” என்றவர்கள், நேரில் எங்களைக் கண்டதும் “இப்போதுதான் வேறொருவருக்குக் கொடுத்தோம்” என்றார்கள். நகரசபையில் பதிந்தோம், காத்திருக்கச் சொன்னார்கள். அந்த நேரம்தான் உங்களோடு வேலை செய்த போலந்துக்காரர் தன் ஊருக்குத் திரும்பினார். விடுமுறைக்கு வருபவர்கள் தங்கும் ஆற்றோரத்துக் கேம்பிங் பிளாட்ஸில் நின்ற தன்னுடைய கேரவன் வண்டியை உங்களிடம் விட்டுவிட்டுப் போனார். நீங்கள் கலியாணம் பேசி முடித்தவர் மாதிரி வந்து நின்றீர்கள்.

“ரெண்டே ரெண்டு படிதானப்பா. கப்பலிலை சனம் மாசக்கணக்கா இருக்கேல்லையே?”

“கப்பலிலை மனிசி மீன் பொரிக்கிறேல்லை” என்றேன்.

வீட்டைச் சுருக்குவது என்றால் என்ன என்று அந்தக் கிழமைதான் படித்தேன். சோபா, கண்ணாடி அலுமாரி, அதற்குள் நின்ற பிளாஸ்டிக் பூக்கள், பிள்ளைகளின் கட்டில்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஆட்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். ஊர்ச் சனத்துக்கே சோறாக்கக்கூடிய அந்தப் பெரிய சருவத்தை மட்டும் நீங்கள் கொடுக்க விடவில்லை. “ஆக்கள் வந்தா என்னெண்டு சமைக்கிறது?” அது கேரவனுக்குக் கீழே கவிழ்ந்து கிடந்தது. கொஞ்ச நாளில் ஒரு முள்ளெலி அதற்குள் குடும்பம் நடத்தத் தொடங்கியது. திரு இருதய ஆண்டவர் படத்தை வைக்க உள்ளே சுவரே இல்லை. கடைசியில் உடுப்பு அலுமாரிக் கதவில் மாட்டினீர்கள். யாராவது சட்டை எடுக்கப் போனால் ஆண்டவர் திரும்பி அடுப்பைப் பார்ப்பார்.

முதல் மாதங்கள் நன்றாகத்தான் இருந்தன. அதை நான் மறுக்க மாட்டேன். ஒருவர் எழும்பினால் எல்லோரும் எழும்ப வேண்டும். மேசையை மடக்கினால் கட்டில், கட்டிலை மடக்கினால் மேசை. மகள் வீட்டுப்பாடம் முடிக்கும்வரை யாருக்கும் நித்திரை இல்லை. மிளகாய் பொரிக்க வெளியே, கேரவனோடு சேர்த்துக் கட்டிய கூடாரத்துக்குள் போக வேண்டும். அப்படிப் போயும் பக்கத்து ஆட்கள் இருமினார்கள். ஆனால் நீங்கள் காலையில் இரண்டே படியில் நேரே புல்லில் இறங்கி, ஆறுவரை நடந்துபோய், வாத்துகளுக்கு ஏதாவது அறிவுரை சொல்லிவிட்டு வந்தீர்கள். முகத்தில் நிறம் திரும்பியிருந்தது. இப்படியே நகரசபை வீடு வரும்வரை ஓட்டிவிடலாம் என்று நானும் நம்பத் தொடங்கினேன்.

எங்களுடைய சனத்துக்கு ஒருவருக்குச் சுகமில்லை என்று தெரிந்தால் வீட்டில் இருப்புக் கொள்ளாது. தேவாலயத்தில் மாதத்துக்கு ஒரு தடவை நடக்கும் தமிழ்ப் பூசையில் செய்தி பரவிவிட்டது. அடுத்த ஞாயிறு மூன்று கார்களில் வந்து இறங்கினார்கள். திராட்சை, அப்பிள், ஹோர்லிக்ஸ் போத்தல்கள். பெரியவர்கள் எல்லோரும் உள்ளே நெருக்கிக்கொண்டு ஏற, கேரவன் ஒரு பக்கம் சரிந்து ஆடியது. “வண்டி வெளிக்கிடப் போகுது, எல்லாரும் டிக்கெட் எடுத்திட்டீங்களோ?” என்று நீங்கள் கேட்டீர்கள். எவ்வளவோ நாளைக்குப் பிறகு அன்றுதான் நீங்கள் வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். நான் முள்ளெலியைக் கலைத்துவிட்டுச் சருவத்தைக் கழுவி அடுப்பில் ஏற்றினேன். வெளியே பிள்ளைகள் பந்தடித்தார்கள். மத்தியான ஓய்வு நேரம், சத்தம் போடக் கூடாது என்று வாசலில் எழுதியிருந்ததை யாரும் வாசிக்கவில்லை.

மறுநாள் காலை பிளாட்ஸின் பொறுப்பாளர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. எங்கள் முகத்தைப் பார்க்காமல் காஸ் சிலிண்டரைப் பார்த்துக்கொண்டே பேசினார். “இங்கே வருடம் முழுக்கக் குடியிருக்க அனுமதியில்லை. உங்கள் நிலைமை தெரிந்துதான் நான் கண்டும் காணாமல் இருக்கிறேன். நேற்று முறைப்பாடு வந்தது. இன்னொரு தடவை கூட்டம் கூடினால் மேலே எழுதுவார்கள். அதன் பிறகு நான் உங்களைப் போகச் சொல்லத்தான் வேண்டியிருக்கும்.”

போனால் எங்கே போவது. தெரிந்தவர்கள் எல்லோரும் மாடியில்தான் இருந்தார்கள். அன்று பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னீர்கள்.

“நான் சுகமாயிட்டன் எண்டு சொல்லும்.”

“ஆருக்கு?”

“எல்லாருக்கும். சுகமான மனிசனைப் பாக்க ஆர் வரப்போகினம்?”

“வராதேங்கோ எண்டு உள்ளதைச் சொன்னா என்ன?”

“சொல்லலாம். நீர் சொல்லுவீரோ?”

நான் சொல்லமாட்டேன். என்னால் ஏலாது என்று உங்களுக்குத் தெரியும். வருத்தம் பார்க்க வருகிறவரிடம் வராதே என்று சொல்ல எங்கள் ஆட்களின் வாய் வளையாது. சொன்னால், செத்தவீட்டுக்கும் வராதே என்று சொன்னது போலத்தான் அவர்களுக்குக் கேட்கும். அதைவிடப் பொய் மரியாதையானது. இந்தக் கணக்கை வெள்ளைக்காரர் யாருக்காவது விளங்கப்படுத்த முடியுமா என்று அந்தப் பொறுப்பாளரைக் காணும்போதெல்லாம் யோசிப்பேன்.

அப்படித்தான் நீங்கள் சுகமாக இருந்த வருடம் தொடங்கியது. பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று சொல்லுவேன், “இப்ப நல்ல சுகம். வேலைக்குப் போறார், அதுதான் வரேல்லை.” பின்னால் கோயில் கதவு திறந்தே இருக்கும். பிளாட்ஸ் வாசலில் இருந்த தொலைபேசிக் கூண்டில் நின்று, அட்டையில் காசு முடியுமட்டும் அதையே சொல்லுவேன். எல்லோரும் நம்பினார்கள். நல்ல செய்தியை யார்தான் சந்தேகப்படுவார்கள். “ஆண்டவர் கண் திறந்திட்டார் அக்கா” என்று ஒரு பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது. பிறகு இன்னொரு கதை கிளம்பியது. சுகமான மனிதர் ஏன் இன்னும் அந்தப் பெட்டிக்குள் கிடக்கிறார்? வீடு வாங்கக் காசு சேர்க்கிறார், சரியான கஞ்சப் பிரபு என்றார்கள். வந்து சொன்னேன். நீங்கள் மூச்சு வாங்க வாங்கச் சிரித்தீர்கள். “நல்லது, இனிச் சீட்டுக்கு ஆள் கேட்டும் ஒருத்தரும் வராயினம்.”

நினைத்தது நடந்தது, ஒருவரும் வரவில்லை. பொறுப்பாளர் எங்களைக் கண்டால் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லத் தொடங்கினார்.

அடுத்த இலையுதிர் காலம் வந்தபோது ஆறுவரை நடந்தவர் வாத்துகள் நிற்கும் இடத்துக்குப் பாதி வழியில் திரும்பினீர்கள். பிறகு கூடாரவாசல்வரை. பிறகு அதுவும் இல்லை. கால்கள் வீங்கிச் செருப்புக்குள் போக மறுத்தன. ஆஸ்பத்திரியில் வைத்து உடம்பில் சேர்ந்த தண்ணீரை இறக்கி அனுப்புவார்கள், திரும்பவும் ஏறும். படுத்தால் மூச்சு முட்டும் என்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே இருந்தீர்கள். நான் கால் பிடித்துவிடுவேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தச் சின்ன இடத்தில் செய்யக்கூடியதெல்லாம் கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது, உங்களுக்கு உதவக்கூடியது எதுவும் அங்கே இல்லை. அழுவதற்குக்கூட இடம் கிடையாது. நான் மூக்கை உறிஞ்சினாலும் எல்லோருக்கும் கேட்கும். பொதுக் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதுவிட்டு வருவேன். “கண் சிவந்திருக்கு” என்பீர்கள். “சவுக்காரம்” என்பேன். நீங்கள் மேலே கேட்கமாட்டீர்கள். படிகளில் நின்று பெயர் வாசித்த காலத்திலேயே நாங்கள் இதற்குப் பழகியிருந்தோம்.

ஒருநாள் பொறுக்கமுடியாமல், “உண்மையைச் சொல்லி ரெண்டு பேரையாவது கூப்பிடட்டே?” என்று கேட்டேன்.

“ரெண்டு பேர் வந்தா இருபது பேர் வருவினம். பனி வரப்போகுதப்பா. இந்த நேரம் பிள்ளையளையும் கொண்டு எங்கை போவீர்?”

இன்றைக்கும், அன்று அப்படிச் செய்திருக்கலாம், இப்படிச் செய்திருக்கலாம் என்று படுக்கும்போதெல்லாம் புரட்டிப் பார்க்கிறேன். எந்தப் பக்கம் புரட்டினாலும் ஒரு மாடிப்படி வந்து நிற்கிறது.

நீங்கள் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிய பிறகு எல்லோரும் வந்தார்கள். ஹம்பேர்க்கிலிருந்துகூட வந்தார்கள். கல்லறைக் கோயிலுக்குள் இடம் போதாமல் மழைக்குள் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். உங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொருவராக என்னைக் கேட்டார்கள். “சுகம் எண்டுதானே சொன்னனீங்கள் அக்கா?” சிலர் அழுதுகொண்டு கேட்டார்கள், சிலர் கோபமாகக் கேட்டார்கள். உங்கள் பெரிய சிநேகிதர், உங்களோடு ஒன்றாக நாட்டை விட்டு வந்தவர், ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். அவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. நான் எல்லோருக்கும் தலையை மட்டும் ஆட்டினேன். பொறுப்பாளரும் வந்திருந்தார். அவ்வளவு சனத்தையும் பார்த்துவிட்டு, “இவருக்கு இத்தனை நண்பர்களா?” என்று மெதுவாகக் கேட்டார்.

உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. கடைசித் தடவை அம்புலன்ஸ் வருவதற்கு முந்திய ஞாயிறு. மழை. மத்தியானத்துக்குப் பிறகு வெளியே சரளைக்கல்லில் ஒரு கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. தலையணையில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தீர்கள்.

“ஆரோ வருகினம். என்ரை வெள்ளைச் சேட்டை எடும்.”

நான் எடுத்துத் தந்தேன். பொத்தான்களை நீங்களே பூட்டினீர்கள், எனக்குத் தர மறுத்துவிட்டீர்கள். தலையைக் கையால் அழுத்தி வாரினீர்கள்.

“தேத்தண்ணிக்குக் கேத்திலை வையுமப்பா. மழைக்கை வந்திருக்கினம்.”

நான் திரையை விலக்கிப் பார்த்தேன். பக்கத்துக் கேரவன்காரர், குளிர்காலத்துக்குப் பூட்டிவிட்டுப் போக வந்திருந்தார். கதிரைகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

“ஆர்?”

“முகம் தெரியேல்லை. இடம் தேடுகினம் போல.”

“இந்தப் பிளாட்ஸிலை எல்லாம் ஒரே மாதிரித்தானே. பாவங்கள், தேடிச் சுத்துதுகள். சாயத்தைக் கொஞ்சம் கூடப் போடும்.”

போட்டேன். மகள் படிப்பை நிறுத்திவிட்டு, “ஆர் அப்பா வருகினம்?” என்று கேட்டாள். “பொறு, வரட்டும், பாப்பம்” என்றீர்கள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். முறைப்பாடும் பொறுப்பாளரும் எங்கே போனார்களோ, பனியும் பிள்ளைகளும் எங்கே போனார்களோ, ஒன்றும் உங்களுக்கு ஞாபகம் இல்லை. கார்க் கதவு அடித்து மூடிக்கொண்டது. சத்தம் தூரப் போனது. நீங்கள் வாசலையே பார்த்துக்கொண்டு வெள்ளைச் சேட்டோடு இருந்தீர்கள். நான் கோப்பைகளை மேசையில் வைத்துவிட்டு உங்கள் பக்கத்தில் வந்து இருந்தேன். தேத்தண்ணி ஆடை கட்டும்வரை இருந்தோம்.

இப்போது இந்த வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள், போகிறார்கள். இங்கே எத்தனை பேர் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. வெளியே கார் ஒன்று நிற்கும் சத்தம் கேட்டால் நான் எழும்பிக் கேத்திலை வைத்துவிடுவேன். பாதி நாள் அது எதிர்வீட்டுக்கு வந்த கார். தண்ணீர் கொதித்துச் சும்மா ஆறும். “முதல்லை யன்னலாலை பாத்திட்டு வையுங்கோவன் அம்மா” என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

பார்த்துவிட்டு வைக்க எனக்குத் தைரியம் இல்லை.