நாக்கை நீட்டச் சொன்ன வைதேகி அக்காவுக்கு

என் பிரியத்துக்குரிய வைதேகி அக்கா,

நீங்கள் இல்லாத ஸ்ரீரங்கத்துக்கு நேற்று அம்மாவை அழைத்துக்கொண்டு துக்கம் கேட்க வந்திருந்தேன். உங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து மனசுக்குள் உங்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். சொல்லாமல் கொள்ளாமல் இப்படியா போவது? ஊரில் பேச்சு குழறியவர்களுக்கெல்லாம் பயிற்சி கொடுத்துப் பேசவைத்தவர், எங்களிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

முதல்முறை உங்களிடம் வந்தது நினைவிருக்கிறதா? அப்பா போனபிறகு தொட்டியத்து வாழைத்தோப்பைத் தனியாளாகக் கட்டிக்காத்தவள் அம்மா. பக்கவாதம் வந்து பேச்சு குழறியது. வேறோர் இடத்தில் சோதித்த ஒரு பெண், கணவர் பெயரைச் சொல்லச் சொன்னாள். அம்மா வாயே திறக்கவில்லை. அதுவும் மறந்துவிட்டது என்று அந்தப் பெண் சொல்ல, அண்ணனுக்கு அது போதுமாக இருந்தது. புத்தி தடுமாறிவிட்டது, தொட்டியம் வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவைப் பாலக்கரையில் என் வீட்டில் கொண்டுவந்து விடுவது என்று முடிவு கட்டிவிட்டான். அம்மாவை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த நிலையில்தான் உங்களிடம் வந்தோம். நீங்கள் அம்மாவைக் கேட்ட கேள்விக்கெல்லாம் நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"நீங்க கொஞ்சம் அந்தண்டை உக்காருங்கோ. அவா பேசட்டும்" என்றீர்கள்.

எனக்குச் சுருக்கென்றது. பாத்திரக் கடையில் நாலு பேரை அதட்டி வேலை வாங்குகிற என்னை இப்படி ஒருத்தி மூலையில் உட்காரவைப்பதா என்று கோபம்தான் வந்தது.

அம்மாவைக் கன்னத்தை உப்பச் சொன்னீர்கள். காற்று ஒரு பக்கமாகக் கசிந்தது. நாக்கை நீட்டச் சொல்லி, ஒரு குச்சியால் அதைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தீர்கள். ஒரே மூச்சில் 'ஆ' சொல்லவைத்து, 'பபப', 'டடட', 'ககக' என்று வேகமாகச் சொல்லச் சொன்னீர்கள். அம்மா கூச்சப்பட்டபோதெல்லாம் நீங்களும் கூடவே நாக்கை நீட்டினீர்கள். காதில் வைரத்தோடு மின்ன, படித்த ஒரு மாமி எதிரே உட்கார்ந்து பழிப்புக் காட்டுவதுபோல நாக்கை நீட்டினால் யாருக்குத்தான் கூச்சம் நிற்கும்?

பிறகு வாழை, வாழைத்தார், வாழைத்தார்க்காரர் என்று வார்த்தையை நீட்டிக்கொண்டே போய், திரும்பத் திரும்பச் சொல்லவைத்தீர்கள். தப்பு ஒவ்வொரு தடவையும் இடம் மாறினால், வாயை எப்படி அசைப்பது என்று மூளை வழிசொல்வதில் சிக்கல். ஒரே இடத்தில் இடறினால் தசைக்குப் பலம் போதவில்லை. இப்படித்தான் எனக்கு விளக்கினீர்கள். அம்மாவுக்கு ஒரே இடத்தில்தான் இடறியது. அப்போதும் உங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. போனில் பதிந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி கேட்டீர்கள். உள்ளேயிருந்து உங்கள் கணவரைக் கூப்பிட்டு, அம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்காரவைத்து, காதில் விழுவதை எழுதச் சொன்னீர்கள். எனக்குப் புரிவது கணக்கில் சேராதாம், எனக்குப் பழகிய குரலாம். தன் காதையே நம்பாமல் சோதிக்கிற அந்தப் பிடிவாதத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை அக்கா.

அப்பா பெயர் விஷயத்தை நான் தயங்கிச் சொன்னதும் சிரித்துவிட்டீர்கள். கேட்ட விதம்தான் தப்பு என்றீர்கள். அப்பா பெயரை என்னிடம் மெல்லக் கேட்டுக்கொண்டு அம்மாவிடம் திரும்பி, "கோவிந்தனா?" என்றீர்கள். இல்லையென்று தலையாட்டினாள். "பழனிச்சாமியா?" அதற்கும் இல்லை. "ரெங்கசாமியா?" என்றதும் அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தலையைக் குனிந்தாள். அந்த வயசில், அந்த உடம்போடு, அவளுக்கு வெட்கம் வந்தது! அப்பா பெயரை அவள் வாயால் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை. அது ஏன் எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை?

"நாக்குக்குத்தான் பலமில்லை, அவாளுக்கு எல்லாம் தெரியறது" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அம்மா பக்கம் குனிந்தீர்கள். "நீங்க எங்க இருக்கணும்னு ஆசைப்படறேள்?"

அம்மா வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். நீங்கள் அசையவே இல்லை.

"எ... வீட்ல."

அதை அப்படியே அண்ணனிடம் போய்ச் சொன்னேன்; வீட்டைப் பூட்டுகிற பேச்சை அவன் விட்டுவிட்டான். அம்மா இப்போது தொட்டியத்தில்தான் இருக்கிறாள். இந்த வருஷம் பூவன் வாழை நன்றாக வந்திருக்கிறது. தோப்பு ஆட்களை ஏசுவதுகூட நிதானமாகத்தான். ஏச்சு வாங்குகிறவர்தான் பாவம், அது முடிகிறவரை நின்றாக வேண்டியிருக்கிறது.

நேற்று உங்கள் கணவர் எதிரே அம்மா பேசத் தொடங்கினாள். பழக்கதோஷத்தில் நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். ஒவ்வொரு வார்த்தையாக, மூச்சு வாங்கி வாங்கி அவளே சொன்னாள்.

"எல்லாரும்... என்னப் பத்தி... கேட்டாங்க. அவங்கதான்... என்னயக் கேட்டாங்க."

உங்கள் கணவர் இன்னொரு முறை சொல்லச் சொல்லவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அக்கா, இனி அம்மா ஒரு வார்த்தைக்கு எத்தனை நேரம் எடுத்துக்கொண்டாலும் நான் காத்திருப்பேன். அவள் சொல்லி முடிக்கிறவரை வேறு யாரையும் பேசவிட மாட்டேன். இது சத்தியம்.

என்றும் உங்கள்
பாலக்கரைத் தங்கை,
செல்வி