கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

என்னங்க,

நேரில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால் எழுதிச் சாப்பாட்டுப் பையில் வைக்கிறேன்.

பழைய ஸ்கேனைப் பார்த்துவிட்டு, மார்பில்தான் புற்று, அக்குள் நெறிக்கட்டிகள் சின்னவைதான், பயமில்லை என்றார் டாக்டர். இரண்டு விதக் கதிரில் படமெடுக்கும் உங்கள் புது மெஷினில் நீங்கள்தான் என்னைப் படுக்க வைத்தீர்கள். "அளவு மட்டும் பாத்தா பத்தாது. ஊசியில ஏத்துற மருந்தைக் கட்டி எவ்வளவு உறிஞ்சுதுன்னும் பாக்கணும்" என்றீர்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். படம் வந்ததும் நாற்காலியைத் திருப்பிக்கொண்டீர்கள்.

"என்ன தெரியுது?"

"ஒண்ணுமில்ல, படம் சரியா விழல."

அன்றிலிருந்து நம் வீட்டில் சண்டையே இல்லை. கரியாய்க் கருகிய ரொட்டியைக்கூட நன்றாயிருக்கிறது என்கிறீர்கள்.

நேற்று டாக்டரை நானே பார்த்தேன். நீங்கள் எடுத்த படத்தில் மூன்று நெறிக்கட்டிகளில் புற்று பரவியிருக்குமோ என்று சந்தேகமாம். திங்கட்கிழமை ஊசி குத்திச் சோதிப்பார்கள்.

தினமும் போல இன்றும் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டு வராதீர்கள். உள்ளே வந்து அழுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி