பின்னறைக்கு ஒரு ஸ்பீக்கர்

28 ஜூலை 1957, ஞாயிறு

மழை. சங்கத்து முதியோர் வகுப்பில் பாக்கியலட்சுமி டீச்சர் தினமும் நாலு வரி எழுதச் சொல்லியிருக்கிறார். அறுபத்தெட்டு வயது வரை பெருவிரலை மையில் தோய்த்த கை இது. நாலு வரிக்குள் தேத்தண்ணி ஆறிவிடுகிறது. ஆறட்டும்.

என் வீட்டுக்காரி தெய்வானை கிணற்றடியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஐந்து வாரம். பின்னறைக் கட்டிலை விட்டு அசையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

2 ஆகஸ்ட், வெள்ளி

இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி நமக்குச் சுதந்திரம். கோலாலம்பூரில் நடப்பதை ரேடியோவில் நேராகக் கேட்கலாமாம். என்னிடம் ரேடியோ இருக்கிறது. வைரவன் செட்டியார் ஊருக்குக் கப்பல் ஏறும்போது, இருபது வருடம் தன் சரக்குக்கு மாட்டு வண்டி ஓட்டியவன் என்று கொடுத்துவிட்டுப் போனார். நல்ல மனுஷன். ஆனால் எங்கள் வீட்டில் மின்சாரம் முன்னறையில் மட்டும்தான். சத்தத்தைக் கூட்டினாலும் நடுவில் இரண்டு சுவர்.

"ஊரே கேக்கும். நான் சுவத்தப் பாத்துக்கிட்டுக் கிடப்பேன்," என்றாள் தெய்வானை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

4 ஆகஸ்ட், ஞாயிறு

ரேடியோ பழுது பார்க்கும் ஜெயபாலனிடம் கேட்டேன். ரேடியோவின் பின்னால் இரண்டு துளை இருக்கிறதாம். அதிலிருந்து கம்பி இழுத்து இன்னொரு ஸ்பீக்கரைப் பின்னறையில் மாட்டலாம். அந்த ஸ்பீக்கருக்குத் தனியாக மின்சாரம் வேண்டாமாம். எனக்கு ஓடிப்போய் வாங்கத் தோன்றியது.

தெய்வானை சம்மதிக்கவில்லை. "ஆடியில புதுச் சாமான் வீட்டுக்குள்ள வரக்கூடாது. ஆவணி பொறக்கட்டும்." இடுப்பு உடைந்தாலும் அதிகாரம் உடையவில்லை.

17 ஆகஸ்ட், சனி

ஆவணி பிறந்தது. ஆற்றங்கரைப் பழைய சாமான் கடையில் இருந்ததிலேயே பெரிய ஸ்பீக்கரை வாங்கினேன். சோற்றுப் பானை அகலம்.

18 ஆகஸ்ட், ஞாயிறு

ரேடியோவில் மாட்டிப் பார்த்தேன். கொசு மாதிரி பேசுகிறது.

ஜெயபாலன் சிரித்தார். "பெருசு பாத்து வாங்குனீங்களா அய்யா? மாட்டுக்கா நுகத்தடி வாங்குறீங்க? ரேடியோவுக்குப் பின்னால ஒரு நம்பர் போட்டிருக்கும். ஸ்பீக்கர்லயும் அதே நம்பர் இருக்கணும் லா."

வீட்டுக்கு வந்து ரேடியோவைத் திருப்பித் துணியால் துடைத்தேன். துளைகளுக்குப் பக்கத்தில் 3. ஸ்பீக்கரின் முதுகில் 15. நானே படித்தேன். யாரையும் கூப்பிடவில்லை.

20 ஆகஸ்ட், செவ்வாய்

கடைக்காரச் சீனர் பெரியதைத் திருப்பி எடுத்துக்கொண்டார். மீதி ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தேன். 15, 15, 8, எண் அழிந்தது ஒன்று. அடியில், தேங்காய் மூடி அளவில் ஒன்று: 3. அது ஒன்றுதான் இருந்தது. கடை வாசலில் நின்று இன்னொரு தடவை படித்தேன். சந்தோஷத்துக்காக.

25 ஆகஸ்ட், ஞாயிறு

ஜெயபாலன் கம்பி இழுத்துக் கொடுத்தார். பின்னறையில் பாட்டு. தெய்வானை கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு —

சந்தனம் வைத்தேன். புதுச் சாமானுக்கு வைக்காமல் எப்படி? நடுவில் தாராளமாகக் குழைத்து அப்பினேன். முன்பக்கம் கறுப்பாக இருப்பது வெறும் காகிதம் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஈரம் ஊறிக் காகிதம் தொய்ந்து கிழிந்துவிட்டது. தகரத்தைத் தரையில் இழுப்பது மாதிரி சத்தம். ஆறு நாள்தான் இருக்கிறது. முட்டாப் பய நான். வேற 3 எங்க போய்த் தேடுவேன்?

தெய்வானை இரவு சோறு வேண்டாம் என்றாள்.

26 ஆகஸ்ட், திங்கள்

ஜெயபாலன் ஸ்பீக்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கற்பூரம் கொளுத்தாம விட்டீங்களே, அதுக்கே கும்பிடணும்." மெல்லிய தாள் இருந்தால் ஒட்டிப் பார்க்கலாம், நிற்குமா என்று சொல்ல முடியாது என்றார்.

பக்கத்து வீட்டுப் பொன்னம்மா செட்டி சமூகம், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்த தமிழர்கள். பேச்செல்லாம் மலாய்தான். அவர் புருஷன் பட்டம் கட்டுகிறவர். கேட்டதும் பொன்னம்மா ஒரு கத்தைத் தாளைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "அம்பில், பாக், அம்பில்." எடுத்துக்கொள்ளுங்கள் பெரியவரே என்கிறார். ஒரு விரற்கடை தாள் போதும் என்றால் கேட்டால்தானே.

28 ஆகஸ்ட், புதன்

ஒட்டியது காய்கிறது. தொடவில்லை.

30 ஆகஸ்ட், வெள்ளி

மாட்டினோம். பேசுகிறது. கொஞ்சம் சளி பிடித்த குரல். சத்தம் கூட்டினால் மறுபடி கிழியும் என்று ஜெயபாலன் எச்சரித்தார். திடலுக்கு வரச் சொல்லி வகுப்புக்காரர்கள் கூப்பிட்டார்கள். போகவில்லை. என் இடம் கட்டிலுக்குப் பக்கத்தில்.

31 ஆகஸ்ட், சனி

காலையில் தெய்வானைக்குத் தலை வாரி, பூ வைத்துவிட்டேன். பொன்னம்மா பின் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். கோலாலம்பூரில் இருந்த கூட்டம் முழுவதும் எங்கள் பின்னறைக்குள் வந்துவிட்டது. மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், என்று ஏழு தடவை. தெய்வானை விரல் விட்டு எண்ணினாள். ஐந்து வரை நன்றாக இருந்தது. ஆறில் ஒட்டு கரகரத்தது. ஏழாவதை ஸ்பீக்கர் சொன்னதா என்று எனக்குத் தெரியாது. தெய்வானை கத்தினாள், ஜன்னலில் பொன்னம்மா கத்தினார், எனக்குக் கேட்டது அதுதான்.

எல்லாருக்கும் நன்றி. செட்டியாருக்கு, ஜெயபாலனுக்கு, பொன்னம்மாவுக்கு, கவிழ்த்துப் பார்க்க விட்ட சீனருக்கு, எண் படிக்கச் சொல்லிக்கொடுத்த டீச்சருக்கு.

1 செப்டம்பர், ஞாயிறு

சாயங்காலம் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. "அதக் கொஞ்சம் நிறுத்துங்க. அந்த நோட்டுல என்னதான் எழுதுறீங்க? படிங்க," என்றாள்.

எழுத்துக் கூட்டி முதலிலிருந்து படித்தேன். விளக்கு ஏற்றும் நேரமாகிவிட்டது. இருபத்தைந்தாம் தேதி வந்ததும் கையைத் தூக்கினாள்.

"சந்தனம் வைக்கச் சொன்னது நான்னு எழுதலியா?"

"இல்ல."

"ஏன்?"

எழுந்து விளக்கை ஏற்றினேன். அவள் நோட்டைக் காட்டி, தான் சொல்லச் சொல்ல எழுத வைத்தாள்:

சந்தனம் வைக்கச் சொன்னது தெய்வானை. அளவு தெரியாமல் அப்பியது மருதப்பன்.